அணையாத அடுப்பு

புத்தாண்டு பிறந்ததும் பலர் சபதம் எடுக்கிறார்கள். தைப் பொங்கல் வருவதற்குள் பாதிப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள். எடுத்த உறுதியைக் கடைசிவரை காத்தவர் ஒருவர், பண்ருட்டிக்குத் தெற்கே உள்ள வடலூரில் வாழ்ந்தார். அவர்தான் வள்ளலார் இராமலிங்க அடிகள்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி பிறந்தார். சென்னையில் வளர்ந்தார். பிறகு வடலூர்ப் பக்கம் வந்து தங்கினார்.

பசித்தவரைக் கண்டால் அவர் மனம் பதறும். பசியைத் தீர்ப்பதே பெரிய அறம் என்று உறுதி கொண்டார். பார்வதிபுரம் மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். 1867-ம் ஆண்டு மே 23-ந் தேதி தருமச்சாலை பிறந்தது. சாதி, மதம் பாராமல் எல்லோருக்கும் சோறு கிடைத்தது.

உடம்பைப் பேணவும் அவர் வழி சொன்னார். சூரியன் உதிக்கும் முன் எழ வேண்டும். அவசரமாக உண்ணக் கூடாது. வெந்நீர் குடிப்பது நல்லது. பகல் தூக்கம் ஆகாது. கோபம் கூடாது. கரிசலாங்கண்ணிக் கீரை உடம்புக்கு உகந்தது. இவற்றில் ஏழையால் முடியாதது எது?

1874-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அவரை யாரும் காணவில்லை. ஆனால் தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது.

யாராவது ஒருவர் தினமும் விறகு வைப்பதால்தான் அது எரிகிறது. நல்ல பழக்கமும் அப்படித்தான்.