மலைக்கோட்டைகளைப் படமாக்கிய ஓவியர்

1792-ஆம் ஆண்டு, கோடைக்காலம். ராயக்கோட்டை மலையை நோக்கி ஒரு கூட்டம் வந்து கொண்டிருந்தது. பல்லக்குகள், கூடார மூட்டைகள், நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்கள். நடுவே இரண்டு வெள்ளைக்காரர்கள்.

அவர்கள் சண்டைக்கு வரவில்லை. வரி வசூலிக்கவும் வரவில்லை. படம் எழுத வந்தார்கள்!

பெரியவர் தாமஸ் டேனியல். இளையவர் அவருடைய தம்பி முறையல்ல. அண்ணன் தம்பி வழியில் வந்த மகன் வில்லியம் டேனியல்.

விடுதிக்காரர் மகன்

தாமஸ் 1749-ல் இங்கிலாந்தில் பிறந்தார். தகப்பனார் ஒரு விடுதி நடத்தி வந்தார். மகன் பெரிய பள்ளிகளில் படிக்கவில்லை. குதிரை வண்டிகளுக்கு வர்ணம் தீட்டும் தொழிலைக் கற்றுக் கொண்டார். ஆனாலும் ஓவிய ஆசை விடவில்லை. 1773-ல் லண்டன் ராயல் அகாடமியின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார்.

லண்டனில் ஓவியர்கள் ஏராளம், பிழைப்போ கஷ்டம். இந்தியாவுக்குப் போய்ப் பார்ப்போம் என்று துணிந்தார். சகோதரர் இறந்தபின் தம் பொறுப்பில் வளர்ந்த வில்லியமையும் அழைத்துக் கொண்டு 1785-ல் கப்பல் ஏறினார். சீனா வழியாக 1786-ல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அப்போது வில்லியமுக்குச் சுமார் 16 வயது.

கல்கத்தாவின் தெருக்கள்

கல்கத்தாவின் கட்டிடங்களையும் தெருக்களையும் தாமஸ் 12 படங்களாக எழுதினார். செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, மை பூசி, காகிதத்தில் அழுத்தி எடுக்க வேண்டும். அந்த வேலை அவருக்கே புதிது. உள்ளூர்த் தொழிலாளர்கள் கை கொடுத்தார்கள். படங்கள் 1788-க்குள் வெளிவந்தன.

அவற்றில் ஒன்று பழைய நீதிமன்றக் கட்டிடத்தைக் காட்டுகிறது. 1792-ல் அந்தக் கட்டிடம் இடிக்கப்பட்டது. கட்டிடம் போயிற்று, படம் நின்றது!

பிறகு இருவரும் கங்கைக் கரை வழியாக வடக்கே இமயமலை வரை சென்று திரும்பினார்கள். பணம் கரைந்தது. வரைந்த படங்களைக் குலுக்குச் சீட்டில் விற்று, அடுத்த பிரயாணத்துக்குப் பணம் சேர்த்தார்கள். 1792 மார்ச் இறுதியில் சென்னையில் வந்து இறங்கினார்கள்.

பாரமகாலில்

இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும் பகுதிக்கு அன்று பாரமகால் என்று பெயர். திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலக் கும்பெனிக்கும் நடந்த போர் அந்த மார்ச் மாதத்தில்தான் உடன்படிக்கையில் முடிந்தது. பாரமகால் கும்பெனி வசமாயிற்று. பாதை திறந்ததும் டேனியல்கள் அங்கே புறப்பட்டு விட்டார்கள்.

எந்த நேரத்தில் வந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அதுவரை அந்த மலைக்கோட்டைகளுக்காகத்தான் படைகள் மோதின. ராயக்கோட்டை 1791-ல்தான் கும்பெனியிடம் வீழ்ந்தது. போர் முடிந்து எல்லை மாறியபின் கோட்டைகளுக்கு வேலை குறைந்தது. காவல் இல்லாத மதில் எத்தனை நாள் நிற்கும்? அவை சிதையத் தொடங்குமுன் ஓவியர்கள் வந்து சேர்ந்தார்கள்.

ராயக்கோட்டை, வீரபத்திர துர்க்கம், ஜகதேவி, ஓசூர் ஆகிய இடங்களை எழுதினார்கள். கண்ணாடி வில்லை பொருத்திய ஒரு பெட்டி அவர்களிடம் இருந்தது. எதிரே உள்ள காட்சி அதன் வழியே காகிதத்தில் விழும். கோடு பிசகாமல் வரைய அது உதவியது.

பெங்களூர் வரை போய்த் திரும்பி, தெற்கே நடந்தார்கள். சங்ககிரி மலை, திருச்சி, மதுரைத் திருமலை நாயக்கர் மகால், தஞ்சைப் பெரிய கோயில், பாபநாசம் அருவி எல்லாம் படங்களாயின. சென்னையின் கோட்டையும் கறுப்பர் பட்டணத் தெருவும் அவற்றுடன் சேர்ந்தன.

14 ஆண்டு உழைப்பு

1794-ல் இருவரும் இங்கிலாந்து திரும்பினார்கள். வேலை முடிந்ததா? இல்லை! 1795-லிருந்து 1808 வரை 144 படங்களைச் செப்புத் தகட்டில் ஏற்றி வெளியிட்டார்கள். வில்லியம் இரவு பகலாக உழைத்து அந்தத் தொழிலில் தேர்ந்தார். முழுத் தொகுதியின் விலை 210 பவுன். வாங்கியவர்கள் பெரும் பணக்காரர்கள். படத்தில் இருந்த ஊர்க்காரர்கள் அதைப் பார்த்திருக்க வழியில்லை. பல்லக்குச் சுமந்தவர்களின் பெயரையும் படங்கள் சொல்லவில்லை.

1799-ல் தாமஸ் ராயல் அகாடமியின் முழு உறுப்பினரானார். அவர் கலியாணம் செய்து கொள்ளவில்லை. மகனைப் போல் வளர்த்த வில்லியம் 1837-ல் அவருக்கு முன்பே இறந்து போனார். முதியவர் மேலும் மூன்று ஆண்டுகள் தனித்திருந்து, 1840-ல் கண் மூடினார்.

1965-ல் தர்மபுரி தனி மாவட்டமாயிற்று. 2004-ல் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது. ராயக்கோட்டை மலை மட்டும் இடம் மாறவில்லை. மேலே ஏறிப் பார்த்தால் இடிந்த மதில்கள் கிடக்கின்றன. அவை எழுந்து நின்ற கோலத்தைக் காண வேண்டுமானால், வண்டிக்கு வர்ணம் பூசிய அந்தக் கையின் படத்தைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.