மேகத்தை மேலிருந்து பார்க்க நினைத்தவர்

ஐப்பசி பிறந்தால் தேவதானம் விவசாயிகள் மேற்கு மலையைப் பார்ப்பார்கள். இப்போது கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தையும் பார்க்கிறார்கள். மழையைத் தருபவன் அல்லாஹ்தான். அது வரும் பாதையை அறிய உதவும் இந்திய விண்வெளித் திட்டத்துக்கு வித்திட்ட விக்ரம் சாராபாயை நாம் அதிகம் நினைப்பதில்லை.

1919-இல் அகமதாபாத்தில் ஆலை அதிபர் குடும்பத்தில் பிறந்தவர். ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று பலர் கேட்டனர். சாமானியனின் தேவைக்குத்தான் இந்த அறிவியல் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

1963 நவம்பர் 21. கேரளக் கடலோரத் தும்பாவில் மீனவர்களின் தேவாலயமே அலுவலகம். அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட்டைத் தூக்கும்போது கிரேனில் கசிவு. ராக்கெட் சாய, ஆட்களே கைகொடுத்து நிமிர்த்தினர். அந்தக் குழுவில் நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாமும் இருந்தார். அன்று மேலே தூவிய சோடியம் ஆவி, உயர வளிமண்டலக் காற்றின் போக்கைக் காட்டியது.

1971 டிசம்பர் 30. டெல்லியிலிருந்து தொலைபேசியில் பேசிய கலாமை, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் காத்திருக்கச் சொன்னார் சாராபாய். கலாம் வந்திறங்கியபோது அவர் இல்லை. வயது 52 தான்.

2002 செப்டம்பர் 12. வானிலைக்கென்றே இந்தியா செய்த முதல் செயற்கைக்கோளான மெட்சாட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ஏற்றிச் சென்றது. அப்போது நாட்டின் குடியரசுத் தலைவர், அன்று விமான நிலையத்தில் கலங்கி நின்ற அதே கலாம்.