இடியை அளக்கப் போன பேராசிரியர்

கரண்ட் என்றதும் ஓம், ஃபாரடே, எடிசன் என்று நமக்கு வரிசையாகப் பெயர் வரும். நான் எழுத எடுத்துக்கொண்டவர் ரிக்மன். நாளைக்கு எலெக்ட்ரிக் கார் சர்வீஸுக்கு வேலைக்குப் போகிற நம்ம ஆட்கள் இவர் கதையைத் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

கியோர்க் வில்ஹெல்ம் ரிக்மன் 1711-இல், இன்றைய எஸ்டோனியாவில் உள்ள பார்னு நகரில் பிறந்தார். பிறக்கும் முன்பே தந்தை பிளேக் நோயில் இறந்துவிட்டார். ஜெர்மனியில் ஹாலே, யேனா நகரங்களில் படித்து, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் 1741-இல் பேராசிரியரானார். சுடுநீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்தால் என்ன வெப்பநிலை வரும் என்பதற்குச் சூத்திரம் தந்தவர் இவரே. 1745-இல் மின்சாரத்தை அளக்கவும் ஒரு கருவி செய்தார். உலோகக் கம்பியை ஒட்டி ஒரு நூல். பக்கத்தில் டிகிரி அளவு. சார்ஜ் ஏறினால் நூல் விலகும். நம்ம மீட்டர்களுக்கெல்லாம் இது பாட்டன்!

1752-இல் இடிமேகத்தில் இருப்பது மின்சாரமே என்று பிரான்சில் நிரூபித்ததும், ரிக்மனும் நண்பர் லொமொனோசோவும் அதே சோதனையில் இறங்கினார்கள். கூரையில் இரும்புக் கம்பி, அதிலிருந்து அறைக்குள் ஒயர், முனையில் அந்தக் கருவி. எர்த் கிடையாது. எர்த் கொடுத்தால் சார்ஜ் இறங்கிவிடும், அளக்க ஒன்றும் இருக்காதே!

1753 ஆகஸ்ட் 6. இடிச்சத்தம் கேட்டு ரிக்மன் வீட்டுக்கு விரைந்தார். படம் வரைய சோகொலோவ் என்ற செதுக்குக் கலைஞரும் கூடப் போனார். அளவு பார்க்கக் கருவியருகே நின்றபோது, நீல நிற நெருப்புப் பந்து ஒன்று அவர் நெற்றியில் பாய்ந்தது. அந்த இடத்திலேயே உயிர் போயிற்று. ஒரு கால் ஷூ கிழிந்தது. கதவு பெயர்ந்து விழுந்தது. சோகொலோவ் மயங்கி விழுந்து பிழைத்தார். ரிக்மனுக்கு வயது 42. அவர் குடும்பத்துக்கு உதவி கேட்டு எழுதியவர் லொமொனோசோவ்.

அவருக்கு அறிவு குறைச்சலா? இல்லவே இல்லை. எவ்வளவு தள்ளி நிற்கணும், எதை முதலில் செய்யணும் என்று எழுதி வைக்க அன்று யாரும் இல்லை. நமக்கு எழுதி வெச்சிருக்காங்க. வண்டியில் டி.சி. 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஹை வோல்டேஜ் கணக்கு. எலெக்ட்ரிக் கார்களில் 400, சிலவற்றில் 800 வோல்ட் அளவுக்குப் போகிறது. சாவியை எடுத்துத் தள்ளி வை, சர்வீஸ் பிளக்கைக் கழற்று, வேறு யாரும் திரும்ப மாட்டாதபடி பூட்டு, கெப்பாசிட்டர் இறங்கக் கம்பெனி சொன்ன நேரம் காத்திரு, மீட்டர் சரியா என்று பார்த்துவிட்டு வோல்டேஜ் இல்லை என்று அளந்து உறுதி செய். அப்புறமும் பேட்டரிக்குள் சார்ஜ் அப்படியே இருக்கும்! ஆரஞ்சு கேபிளைத் தொடும் முன் இத்தனையும் உண்டு.

அதனால்தான் ஜெர்மனியில் பயிற்சியைப் படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள். டயர் மாற்றுகிறவருக்கு ஒரு படி. இணைப்பைத் துண்டிக்கிறவருக்கு அடுத்த படி. மின்னழுத்தம் உள்ளபோதே வேலை செய்கிறவருக்கு அதற்கும் மேல்படி. டிப்ளமோ இருக்கே, இது எதுக்குன்னு சிலர் கேட்கிறார்கள். டிப்ளமோ நமக்குத் தெரியும் என்று சொல்கிறது. அந்தச் சான்றிதழோ, அவசரத்திலும் நம்ம கை வரிசை தப்பாது என்று சொல்கிறது. ரிக்மன் பேராசிரியராகவே இருந்தார், நண்பர்களே!