எம். கே. தியாகராஜ பாகவதர்

நம் பாட்டனார்களைப் பெற்றவர்கள் இளைஞராயிருந்த நாளில் பாகவதர் என்றால் அது ஒருவரையே குறிக்கும். இன்று அப்பெயரைக் கேட்டு, எந்தப் பாகவதர் என்று வினவும் மாணவர் நம்முள் பலர்.

1910ஆம் ஆண்டு மாயவரத்தில் பிறந்த தியாகராஜர் திருச்சிராப்பள்ளியில் வளர்ந்து, சிறுபிராயத்திலேயே நாடகமேடை ஏறினார். ஒலிபெருக்கியில்லாத அந்நாளில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்ச சுருதியிற் பாடவேண்டும். அவர் குரல் அங்ஙனம் பழகியது. இக்காலத்துச் செவிக்கு அது மிக உயர்ந்ததாய்த் தோன்றுவதற்கு ஏது இதுவே. 1934இல் பவளக்கொடி வெளிவந்தது முதல் படவுலகம் அவர் வசமாயிற்று. பாபநாசம் சிவன் இயற்றிய பாட்டுக்களை அவர் பாட, சங்கீதம் பயிலாதாரும் இராகங்களில் இன்புற்றனர். 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கிற் சிறைப்பட்டார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற அவ்வழக்கிலிருந்து 1947இல் விடுதலையானார். மீண்டபின்னும் முன்போலவே பாடினார், கேட்பாரோ குறைந்தனர். அதற்குள் பின்னணிப் பாட்டு பரவி, நடிகர் பாடவேண்டுவதில்லை என்றாயிற்று. ஒலிவாங்கி மென்குரலையும் எடுத்துக் கொடுத்தது. மக்களோ பாட்டினும் வசனத்தை விரும்பலாயினர். ராஜமுக்தி, அமரகவி முதலியன பழைய வெற்றியைத் தரவில்லை. காலத்திற்கேற்பத் தம் பாணியை அவர் மாற்றாததைப் பிடிவாதம் என்பாருமுளர். நாம் அங்ஙனம் கருதோம். மேடை உருவாக்கிய குரலுக்கு வேறு வழி ஏது?

1959 நவம்பர் 1ஆம் நாள், தமது 49ஆம் வயதிற் காலமானார். ஆயினும், 1950இல் வெளிவந்த கிருஷ்ண விஜயம் என்னும் படத்திற் பாடத் தொடங்கிய டி. எம். சௌந்தரராஜன் முதலில் அவரைப் பின்பற்றியே பாடினார். நம் பாட்டனார்கள் விரும்பிக் கேட்ட குரல் அதுவே.