தெரியாது என்று ஒப்புக்கொண்ட தமிழ் வாத்தியார்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அதனால் சுத்தி வளைக்காமல் நேராகக் கேட்டுவிடுகிறேன்.

உங்கள் நம்பிக்கைக்கு வெளியே இருக்கிற ஒரு புத்தகத்தை, குறை கண்டுபிடிக்க இல்லாமல், புரிஞ்சுக்கணும் என்பதற்காக மட்டுமே எடுத்துப் படித்திருக்கிறீர்களா? நான் படித்ததில்லை. கடவுள் இருக்காரா, நான் யாரு, செத்த பிறகு என்ன என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் பேசுவோம். ஆனால் அந்தப் பேச்சில் வருகிறதெல்லாம் நமக்கு ஏற்கெனவே தெரிஞ்சது, நமக்குப் பிடிச்சது மட்டும்தான்.

இந்த விஷயத்தில் என்னைக் கொஞ்சம் உலுக்கிய ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பேரைச் சொன்னதும் ஸ்க்ரோல் பண்ணிப் போயிடாதீங்க. உ.வே.சாமிநாதையர். ஆமா, தமிழ்த் தாத்தாதான். தலைப்பாகை, ஓலைச்சுவடி, இரண்டு மார்க் கேள்வி. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கு அவர் அவ்வளவுதான். இந்த வருஷம் 'என் சரித்திரம்' புத்தகத்தை எடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்காத குறைதான், முடிக்க மூன்று மாசம் ஆச்சு. ஆனால் அதற்குள்ளே நான் பார்த்தது தாத்தாவை இல்லை. நம்மைவிட நாலு வயசே பெரிய ஒரு இளைஞரை.

முதலில் அவருடைய பின்னணி. 1855 பிப்ரவரி 19 அன்று பிறந்தார். சொந்த ஊர் பாபநாசம் பக்கத்தில் உள்ள உத்தமதானபுரம். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். நிலையான வருமானம் கிடையாது, ஆதரிப்பவர்கள் இருக்கிற ஊருக்கெல்லாம் குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. பையனுக்கோ தமிழ்மேல் தீராத பைத்தியம். 1871ல், மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தார். இன்றைய மயிலாடுதுறைதான் அந்த மாயூரம்.

அங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. அவருக்கு வைத்த பெயர் வேங்கடராமன். பிள்ளை தீவிர சைவர், வேறு பெயர் ஏதாவது உண்டா என்று கேட்டார். வீட்டில் சாமிநாதன் என்று கூப்பிடுவார்கள் என்றதும், இனிமேல் அதுவே இருக்கட்டும் என்றுவிட்டார். இன்று நாம் சொல்கிற பெயரே அப்படி வந்ததுதான். திருவாவடுதுறை சைவ மடத்தின் நிழலில், 1876ல் பிள்ளை காலமாகும் வரை அவரிடம் படித்தார். புராணம், அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று நூல் நூலாகப் படித்தார். நெற்றியில் திருநீறு, மனசு முழுக்கச் சிவபக்தி. அடையாளம் என்று நாம் சொல்கிறோமே, அது அவருக்கு அவ்வளவு உறுதியாக அமைந்திருந்தது.

1880ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. வயது 25. நல்ல குரு, நல்ல வேலை, நிறையப் படிப்பு. நம்ம பாஷையில் சொன்னால், லைஃப் செட்டில்.

அதே வருஷம் அக்டோபர் 21. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். முதலியார் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் பெருமையாகப் பட்டியல் போட்டார். அவ்வளவுதானா என்றார் முதலியார். இன்னும் பல நூல்களைச் சொன்னார். அதற்கும் அவர் அசரவில்லை. கடைசியில் சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. இந்தப் பழைய நூல்களைப் படிக்காமல் மற்றதையெல்லாம் படித்து என்ன பயன் என்று அவர் சொன்னது இவரைச் சுருக்கென்று தைத்தது. புத்தகம் கிடைத்தால் படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லி, சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு வந்தார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோணுதா? சிந்தாமணி சமண நூல். திருத்தக்கதேவர் என்ற சமணத் துறவி எழுதியது. சோழ அரசன் அந்தக் காப்பியத்தில் மயங்கிக் கிடந்ததைப் பார்த்து, அவனைச் சைவத்தின் பக்கம் திருப்பத்தான் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்று சைவ மரபில் ஒரு கதை உண்டு. அந்த மரபில் வளர்ந்தவருக்கு அது எந்தப் பக்கத்துப் புத்தகம் என்று புரிகிறதா?

வீட்டுக்கு வந்து பிரித்தார். தமிழ்தான், ஆனால் புரியவில்லை. தொடக்கத்தில் வணங்கப்படும் கடவுள் சிவன் இல்லை, திருமால் இல்லை, அருகன். இலக்கணமும் அகராதியும் கைகொடுக்காத இடங்கள் இருந்தன. உயிர் எப்படிக் கட்டுப்படுகிறது, நான்கு கதிகள் என்றால் என்ன, வீடுபேறு எப்படிக் கிடைக்கும் என்பதற்கெல்லாம் சமணத்துக்கு என்று தனி விளக்கம் இருக்கிறது. அது தெரியாமல் பாட்டு திறக்காது.

இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? நமக்குத் தெரிந்ததை வைத்து ஒப்பேற்றியிருப்போம். கல்லூரி வாத்தியார், யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? அவர் அதைச் செய்யவில்லை. கும்பகோணத்தில் இருந்த சமணர்களின் வீடு தேடிப் போனார். ஒரு நாள் அப்படிப் போனபோது, அங்கே ஏதோ விசேஷம் நடப்பதுபோல் இருந்தது. விசாரித்தால், பல மாதமாகச் சிந்தாமணியை வாசித்து வந்ததாகவும், அன்றைக்குத்தான் முடிகிறது என்றும் சொன்னார்கள். ஆள் ஆடிப்போய்விட்டார். தமிழ் வித்வான்கள் பெரும்பாலோர் தொடாமல் விட்டிருந்த ஒரு புத்தகம், தான் வேலை பார்க்கிற அதே ஊரில், ஒரு வீட்டில் பூஜைபோல வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது! சந்திரநாத செட்டியார் என்பவர் அவருடைய சந்தேகங்களை ஒவ்வொன்றாகத் தீர்த்து வைத்தார். இவருக்கு மலைபோல் நின்றதெல்லாம் அவர்களுக்கு அன்றாட நம்பிக்கை.

சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியரும் சைவர்தான். முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஏற்கவில்லை என்பதால், அவர்களோடு இருந்து சமண நூல்களைக் கற்றுத் திரும்ப எழுதினார் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, பல நூற்றாண்டு கழித்து இன்னொரு சைவர் அதே பாதையில் நடந்தார்.

ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதம் பார்த்து, 1887ல் சிந்தாமணியை உரையோடு அச்சில் கொண்டுவந்தார். ஏழு வருஷம்! அவருக்கு ஏடு கொடுத்து உதவியதில் திருவாவடுதுறை மடமும் உண்டு. சைவ மடத்துச் சுவடி அறையில் சமணக் காப்பியம் பத்திரமாக இருந்திருக்கிறது. அந்த உரையில் மேற்கோளாக வந்த வரிகள் எந்த நூலில் இருக்கின்றன என்று தேடப் போய்த்தான் சங்க நூல்கள் பக்கம் நகர்ந்தார். 1889ல் பத்துப்பாட்டு, 1892ல் சிலப்பதிகாரம், 1894ல் புறநானூறு.

அடுத்து மணிமேகலை. இது பௌத்தக் காப்பியம். இந்த முறை கதவைத் தட்ட ஊரில் பௌத்தர் வீடு இல்லை. அதே கல்லூரியில் வேலை பார்த்த ரங்காசாரியார் கைகொடுத்தார். பௌத்தம் பற்றிய இங்கிலீஷ் புத்தகங்களைப் படித்து இவருக்குத் தமிழில் விளக்குவார். தமிழ்க் காப்பியத்தைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் தெரிந்தவரிடம் பாடம் கேட்க இவர் வெட்கப்படவில்லை. இங்கிலீஷ் மீடியத்தில் படித்துவிட்டுத் தமிழ்ப் புத்தகத்தைப் பிறரிடம் கேட்கக் கூச்சப்பட்ட எனக்கு இது நல்ல அடி. 1898ல் வந்த மணிமேகலைப் பதிப்பில், புத்தர் வரலாற்றையும் பௌத்தக் கொள்கையையும் வாசகருக்காகத் தனியாகவே எழுதிச் சேர்த்தார். அந்தக் காப்பியத்தின் நாயகியும் வஞ்சி மாநகரில் வெவ்வேறு சமயத்தவர் சொல்வதையெல்லாம் கேட்ட பிறகுதான் தன் வழியை உறுதி செய்கிறாள் என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. இவ்வளவுக்குப் பிறகும் சாமிநாதையர் சமணராகவோ பௌத்தராகவோ மாறவில்லை. சைவராகவே வாழ்ந்தார். 85 வயதை நெருங்கியபோது 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வர ஆரம்பித்தது. அதை முடிக்காமலேயே 1942 ஏப்ரல் 28 அன்று திருக்கழுக்குன்றத்தில் காலமானார். அடுத்தவர் புத்தகத்தை முழு மனசோடு படித்தால் நம்ம நம்பிக்கை போய்விடுமோ என்ற பயம் நமக்கு இருக்கிறது இல்லையா? அவர் வாழ்க்கையில் போனது நம்பிக்கை இல்லை. எல்லாம் படித்துவிட்டோம் என்ற நினைப்புதான்.

கடைசியாக என் கதை கொஞ்சம். என் ரூம்மேட் ஒவ்வொரு ரமலானுக்கும் விடியற்காலை எழுந்து சஹர் சாப்பிடுவான். நான் புரண்டு படுத்துத் தூங்கிவிடுவேன். அவன் ஷெல்ஃபில் பச்சைத் துணியில் சுற்றிய குர்ஆன் நாலு வருஷமாக இருக்கிறது. அதில் என்ன இருக்கு என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. மரியாதைக்காகக் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது அக்கறையின்மை. போன வாரம் கேட்டேன். அவன் முதலில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான், அப்புறம் ஒரு மணி நேரம் பேசினான். என் கேள்விகளில் இரண்டுக்கு அவனுக்கே பதில் தெரியவில்லை, அத்தாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். இன்னும் சொல்லவில்லை, காத்திருக்கிறேன்.

ரூமைக் காலி பண்ண உங்களுக்கும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கு. பக்கத்துக் கட்டில் ஷெல்ஃபில் என்ன புத்தகம் இருக்குன்னு இன்னைக்கு ராத்திரியே கேட்டுப் பாருங்க.