வழித்துணை நூல்

முன்பின் அறியாத ஊருக்குச் செல்பவன் பிறர் சொல்லையே நம்பி நடக்க வேண்டியவனாகின்றான். தங்கத்தக்க விடுதி எது, வண்டிக்கூலி எவ்வளவு, காணத்தக்கவை யாவை என்று அவன் வினவும்போது, விடை கூறுவோர் தம் ஊதியத்தையே கருதுவாராயின் அவனுடைய பொருளும் பொழுதும் வீணாகும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவில் பயணம் செய்தோர் பலர் இவ்வாறே விடுதிக்காரரிடமும் வண்டிக்காரரிடமும் கூலிக்கு வழிகாட்டுவோரிடமும் அகப்பட்டு அல்லலுற்றனர். அவ்வல்லலைப் போக்குவதையே வாழ்நாட்பணியாகக் கொண்டவர் கார்ல் பேடெக்கர்.

அவர் ஜெர்மனி நாட்டு எஸ்ஸென் நகரில் 1801ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3ஆம் நாள் பிறந்தார். அச்சுத்தொழிலும் புத்தக வாணிகமும் அவர் குடும்பத்தின் வழிவழித் தொழில்கள். ஹைடல்பர்க்கில் கல்வியும், பெர்லின் முதலிய இடங்களில் தொழிற்பயிற்சியும் பெற்றபின், 1827இல் கோப்ளென்ஸ் நகரில் சொந்தமாகப் புத்தக நிலையம் ஒன்றை நிறுவினார். ரைன் ஆறும் மோசெல் ஆறும் கூடுமிடத்தில் அமைந்தது அந்நகர். ரைன் ஆற்றில் நீராவிக் கப்பல்கள் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கிய காலம் அது.

1832இல் அவ்வூரிலிருந்த ரோலிங் என்பாரின் பதிப்பகத்தைப் பேடெக்கர் விலைக்கு வாங்கினார். மைன்ஸ் முதல் கொலோன் வரையுள்ள ரைன் பயணத்தைப் பற்றிப் பேராசிரியர் கிளைன் எழுதி 1828இல் வெளிவந்த நூலும் அதனுடன் அவர் கைக்கு வந்தது. நூலைத் திருத்தித் தருவதற்கு ஆசிரியர் உயிருடன் இல்லை. எனவே பதிப்பாளரே ஆசிரியருமானார். பயணிக்கு உடனே பயன்படும் செய்திகளைத் தாமே திரட்டிச் சேர்த்து 1835இல் புதிய பதிப்பை வெளியிட்டார். பின்னர் பெல்ஜியம், ஹாலந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளுக்கும் நூல்கள் எழுந்தன. லண்டன் பதிப்பாளர் ஜான் மர்ரே 1836 முதல் வெளியிட்டு வந்த கையேடுகள் தமக்கு முன்மாதிரியாய் இருந்ததை அவர் மறைத்தாரல்லர்.

கதை எழுதுபவர் கதை முடிந்ததும் எழுதுகோலைக் கீழே வைக்கலாம். வழிகாட்டி நூல் எழுதுபவருக்கோ அவ்வுரிமை இல்லை. நூல் அச்சேறிய மறுதிங்களே ஒரு விடுதி கைமாறும். கப்பல் புறப்படும் நேரம் மாறும். புதிய இருப்புப்பாதை ஒன்று திறக்கப்படும். நேற்றைய உண்மை இன்று பிழையாகிவிடும். ஆதலின் பேடெக்கர் ஒவ்வொரு பதிப்புக்கும் மீண்டும் மீண்டும் பயணம் செய்தார். தாம் இன்னார் என்று தெரிந்தால் தனி உபசாரம் கிடைக்கும். உண்மை கிடைக்காது என்று கருதி, சாதாரணப் பயணியாகவே சென்றார்.

மிலான் நகரப் பெருங்கோயிலின் கூரைக்கு ஏறும் படிகளை அவர் எண்ணியதாக ஒரு செய்தி வழங்குகிறது. இருபது படிகள் ஏறியதும் சட்டைப்பையிலிருந்து ஒரு பட்டாணியை எடுத்துக் காற்சட்டைப்பையில் இடுவாராம். இறங்கும்போது அதனையே திருப்பிச் செய்து கணக்கைச் சரிபார்ப்பாராம். படிகளில் ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் என்ன நட்டம் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் படிக்கணக்கில் பிழை கண்ட பயணி அடுத்த பக்கத்திலுள்ள விடுதிக் கட்டணத்தை எங்ஙனம் நம்புவான்?

சிறப்புமிக்க இடங்களுக்கு நட்சத்திரக் குறியிடும் முறையையும் அவர் தம் நூல்களில் கையாண்டார். பிற்காலத்தில் அந்நூல்களின் சிவப்பு அட்டை ஐரோப்பா எங்கும் பயணிகள் கையில் காட்சியளித்தது. ஓயாத உழைப்பிடையே 1859ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4ஆம் நாள், 58 வயது நிறைவதற்கு முன்பே, அவர் கோப்ளென்ஸில் காலமானார்.

பொறுப்பேற்ற மூத்த மகன் எர்ன்ஸ்ட் இரண்டே ஆண்டுகளில் மறைந்தார். தம்பியர் தொழிலைத் தளரவிடவில்லை. 1872இல் நிலையம் லைப்சிக் நகருக்கு மாறியது. இலங்கையையும் இந்தியாவையும் பற்றிய ஜெர்மன் நூல் 1914இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே உலகப்போர் மூண்டதால் அதைக் கையிலேந்திப் பயணம் செய்யும் வாய்ப்பு அருகிவிட்டது. இரண்டாம் உலகப்போரில் அதைவிடப் பெரிய இடர் நேர்ந்தது. 1943 டிசம்பரில் லைப்சிக் மீது நிகழ்ந்த விமானத் தாக்குதலில் நிலையம் எரிந்து அழிந்தது. போர் ஓய்ந்தபின், பேடெக்கரின் கொள்ளுப்பேரர் தொழிலை மீண்டும் தொடங்கினார். 1948இல் அவர் வெளியிட்ட வழிகாட்டி நூல், இடிபாடுகளிடையே கிடந்த அந்த லைப்சிக் நகரைப் பற்றியதே.