வோக்கிங் மிஷனில் ஒரு தஞ்சைத் தமிழர்
பா. தாவூத் ஷா சாஹிப் அவர்களின் வாழ்வும் பணியும்

அல்ஹம்துலில்லாஹ். நம் சங்கத்தின் பொன்விழா மலரில் எந்தப் பெரியாரின் வரலாற்றைச் சேர்ப்பது என்று மலர்க்குழு கூடியபோது பல பெயர்கள் வந்தன. இறைநேசர்களின் பெயர்கள் வந்தன; வள்ளல்களின் பெயர்களும் வந்தன. இறுதியில் ஒரு பத்திரிகையாசிரியரின் பெயரில் எல்லோரும் உடன்பட்டோம். காரணம் எளிமையானது. ஐம்பது ஆண்டுகளாக தஞ்சோங் ரம்புத்தானில் நாம் செய்து வருவது பெரும்பாலும் அலுவலக வேலைதான். சந்தா ரசீது எழுதுகிறோம், ஜனாஸா நிதிக் கணக்குப் பார்க்கிறோம், மீலாது விழாவுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கிறோம், நோன்புக் கஞ்சிக்கு அரிசி கேட்டு வீடு வீடாகப் போகிறோம். இந்தச் சின்ன வேலைகளும் தீனுக்குச் செய்யும் பணிதான் என்பதைத் தம் வாழ்க்கையால் காட்டியவர் ஒருவர் வேண்டும் என்று தேடியபோது, தாவூத் ஷா சாஹிப் நினைவுக்கு வந்தார்.

பதவியைத் துறந்தவர்

தஞ்சை மாவட்டத்தில் கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலுக்கு அருகே கீழ்மாந்தூர் என்ற சிற்றூர். அங்கே 1885ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் தாவூத் ஷா பிறந்தார். நம்மில் பலருடைய பாட்டன்மார் கப்பலேறிய அதே தஞ்சைச் சீமைதான். முஸ்லிம் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போவதே அரிதாக இருந்த காலத்தில், அவர் சென்னை மாநிலக் கல்லூரி வரை சென்று 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்நாளில் அந்தக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் உ.வே. சாமிநாத ஐயர். தமிழின் மீது தாவூத் ஷா கொண்ட பற்று கடைசிவரை குறையவில்லை. கம்பராமாயணத்தில் அவருக்கு இருந்த புலமையைக் கண்டு ராமாயண சாயபு என்றே அழைத்தவர்கள் உண்டு.

அரசாங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 1917இல் சப் மாஜிஸ்திரேட் ஆனார். அந்தக் காலத்தில் அது சாதாரணப் பதவியல்ல. ஊரே எழுந்து நிற்கும் பதவி. கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் நாடெங்கும் பரவியபோது, 1921இல் அந்த நாற்காலியை விட்டு எழுந்தார். கதர் உடுத்தினார். நாச்சியார்கோவிலில் அவர் நடத்திய தத்துவ இஸ்லாம் என்ற மாத இதழ் ஏற்கெனவே வெளிவந்துகொண்டிருந்தது. இனி அதுவே முழுநேரப் பணி என்றானது.

அவ்வேளையில்தான் இங்கிலாந்துப் பயணம் வாய்த்தது. 1922இல் லண்டனுக்கு அருகிலுள்ள வோக்கிங் என்ற ஊருக்குச் சென்றார்.

காட்டோரத்துப் பள்ளிவாசல்

வோக்கிங் லண்டனுக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிறு நகரம். அங்கே 1889இல் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. பிரிட்டனில் பள்ளிவாசலாகவே கட்டப்பட்ட முதல் கட்டடம் அது. கட்டியவர் டாக்டர் லைட்னர் என்ற கீழைமொழி அறிஞர். பொருளுதவி செய்தவர் போபால் அரசி ஷாஜஹான் பேகம். அதனால் அது ஷாஜஹான் பள்ளிவாசல் என்று பெயர் பெற்றது. 1899இல் லைட்னர் இறந்தபின் தொழுவாரின்றிப் பூட்டிக் கிடந்தது.

லாகூரைச் சேர்ந்த வழக்கறிஞர் காஜா கமாலுத்தீன் 1912இல் இங்கிலாந்து வந்தார். அடுத்த ஆண்டில் ஓர் ஆங்கில மாத இதழைத் தொடங்கினார்; பின்னாளில் இஸ்லாமிக் ரிவ்யூ என்று உலகமெங்கும் அறியப்பட்ட இதழ் அது. அதே ஆண்டில் பள்ளிவாசலைத் திறந்து தொழுகையை நிலைநிறுத்தினார். 1913 நவம்பரில் லார்டு ஹெட்லி என்ற பிரிட்டிஷ் பிரபு இஸ்லாத்தை ஏற்றபோது வோக்கிங்கின் பெயர் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. தாவூத் ஷா சாஹிப் போய்ச் சேர்ந்தபோது அந்த மிஷனுக்கு வயது பத்துகூட நிறையவில்லை.

மிஷனில் ஒரு வாரம்

வோக்கிங் மிஷன் என்றதும் நாம் பெரிய மாளிகையையும் நூற்றுக்கணக்கான ஊழியர்களையும் நினைத்துவிடக் கூடாது. சிறிய பள்ளிவாசல், பக்கத்தில் ஹைதராபாத் சாலார் ஜங் பெயரால் அமைந்த நினைவு இல்லம், விரல்விட்டு எண்ணக்கூடிய பணியாளர்கள். அந்த இல்லமே தங்குமிடம், அலுவலகம், விருந்தினர் கூடம் எல்லாம். அங்கே ஒரு வாரம் எப்படிக் கழியும் என்பதை அந்நாளைய நிகழ்ச்சி முறையைக் கொண்டே நாம் அறியலாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ லண்டனில். நாட்டிங் ஹில் கேட் பகுதியில், கேம்டன் ஹில் சாலை 111ஆம் எண் வீட்டைத் தொழுகை இல்லமாக வைத்திருந்தார்கள். பகல் ஒரு மணித் தொழுகைக்கு வோக்கிங்கிலிருந்து ரயிலேறி வாட்டர்லூ நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நகரைக் கடந்து போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையோ மாலை மூன்றேகால் மணிக்கு வோக்கிங் பள்ளிவாசலில் தொழுகையும் சொற்பொழிவும். லண்டனிலிருந்து ரயிலில் வருகிறவர்களில் முஸ்லிம்களும் இருப்பார்கள். வேடிக்கை பார்க்க வரும் வெள்ளையரும் இருப்பார்கள். கேள்வி கேட்போருக்குப் பதில் சொல்ல வேண்டும். வந்தவரை உபசரிக்க வேண்டும். டிசம்பர் மாதத்தில் அங்கே நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மூன்றேகாலுக்குத் தொடங்கிய பேச்சு முடியுமுன் மஃரிபு வந்து நிற்கும். கோடையிலோ இரவு பத்து மணிக்கும் வானில் வெளிச்சம் இருக்கும். இஷாவுக்காக நள்ளிரவை நெருங்கும்வரை விழித்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு நாட்களுக்கு இடையில் இருந்ததுதான் உண்மையான வேலை. மாத இதழுக்குக் கட்டுரை சேர்ப்பது, திருத்துவது, அச்சகத்திலிருந்து வந்த படிகளில் பிழை பார்ப்பது, சந்தாதாரர்களுக்கு முகவரி எழுதி உறையிலிட்டு அனுப்புவது. எந்தத் தேசத்திலிருந்தோ வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது. புதிதாக இஸ்லாத்தை ஏற்க விரும்புவோரின் உறுதிமொழிப் படிவங்களைக் கவனிப்பது. நிகாஹ், ஜனாஸா என்றாலும் அழைப்பு அங்கேதான் வரும். முதல் உலகப் போரில் இறந்த இந்திய முஸ்லிம் வீரர்களுக்கென ஹார்செல் பொட்டலில் அமைந்த அடக்கத்தலமும் பள்ளிக்கு அருகேதான் இருந்தது.

பெருநாள் வாரம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பள்ளிக்குள் இடம் போதாது. முன்புறப் புல்வெளியில் விரிப்புகளைப் போட்டுத் தொழுவார்கள். துருக்கியர், எகிப்தியர், இந்திய மாணவர்கள், ஆங்கிலேய முஸ்லிம்கள் என்று நூற்றுக்கணக்கானோர் கூடுவார்கள். அத்தனை பேருக்கும் விருந்து. 1923ஆம் ஆண்டு ஹஜ்ஜுக் காலத்தில் காஜா கமாலுத்தீனும் லார்டு ஹெட்லியும் மக்காவில் இருந்தார்கள். தலைவர் ஊரில் இல்லை என்று பெருநாள் காத்திருக்குமா? மிஷனில் இருந்த மற்றவர்கள்தாம் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். நம் சங்கத்தில் பெருநாள் விருந்துக்கு முதல் நாள் இரவு நாற்காலி அடுக்கியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நேற்றுவரை சப் மாஜிஸ்திரேட்டாக உத்தரவிட்ட தாவூத் ஷா, இங்கே இஸ்லாமிக் ரிவ்யூவின் வேலையிலும் மிஷனின் அன்றாடப் பணிகளிலும் துணை நின்றார். அப்போது அவருக்கு வயது 37. அந்த வயதில் ஒருவர் மறுபடியும் உதவியாளராக உட்காருவது எளிதல்ல என்பது நமக்குத் தெரியும்.

கப்பலில் கொண்டுவந்த பாடம்

ஊர் திரும்பிய பிறகு 1923இல் தம் இதழுக்குத் தாருல் இஸ்லாம் என்று புதுப்பெயர் இட்டார். 1957 வரை அவ்விதழ் வெளிவந்தது. மார்க்கத்தை அவரவர் மொழியில் சொன்னால்தான் நெஞ்சில் தங்கும் என்பதை, ஆங்கிலேயருக்கு ஆங்கிலத்தில் சொல்லும் மிஷனில் அவர் அன்றாடம் கண்டிருந்தார். ஜும்ஆ குத்பாவின் பொருள் தமிழ் மக்களுக்குத் தமிழில் விளங்க வேண்டும் என்று விடாமல் எழுதினார். பெண்கள் படிக்க வேண்டும் என்று எழுதினார். கந்தூரிகளில் நடக்கும் வீண் செலவுகளையும் தர்காக்களைச் சூழ்ந்த வழக்கங்களையும் கண்டித்தார். திருக்குர்ஆனுக்குத் தமிழில் பொருளும் விரிவுரையும் எழுதிப் பல பாகங்களாக வெளியிட்டார்.

எழுத்தில் அவர் காட்டிய கண்டிப்பு பேர்போனது. இதழில் அச்சுப்பிழை கண்டுபிடித்துச் சொல்லும் வாசகருக்குப் பரிசு தருவதாகவே அறிவித்தார். முஸ்லிம்களின் தமிழ் கொச்சை என்று சொன்னவர்களுக்கு, இலக்கணம் வழுவாத தாருல் இஸ்லாம்தான் பதில்.

அந்த இதழ் தாயகத்தோடு நிற்கவில்லை. இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று தமிழ் முஸ்லிம் போன இடமெல்லாம் போனது. நாகப்பட்டினத்தில் கப்பலேறும் தபால் பினாங்கில் இறங்கும். அங்கிருந்து ரயில் பிடித்தால் ஈப்போவும் நம் தஞ்சோங் ரம்புத்தானும் தொலைவில்லை. ஈய லம்பங்களையும் ரப்பர் தோட்டங்களையும் சுற்றி மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்திருந்த நம் முன்னோர்களுக்கு, தாயகத்திலிருந்து வரும் தமிழ் இதழ் ஒரு கடிதம் போல. ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கேட்ட காலம் அது.

கொடுத்த விலை

வோக்கிங் பயணம் அவருக்குப் புகழை மட்டும் தரவில்லை, பழியையும் தந்தது. காஜா கமாலுத்தீன் அஹ்மதிய்யாக்களில் லாகூர்ப் பிரிவைச் சேர்ந்தவர். அவருடைய மிஷனில் இருந்து வந்தவர் என்பதால் தாவூத் ஷாவையும் காதியானி என்றார்கள். அவருடைய சீர்திருத்தக் கருத்துகளால் ஏற்கெனவே சினந்திருந்தவர்களுக்கு இது வசதியான ஆயுதமானது. 1920களின் நடுவில் இந்தச் சர்ச்சை கடல் கடந்து சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம்களிடையே பிளவை உண்டாக்கி, அவதூறு வழக்காக நீதிமன்றமும் ஏறியது.

நம் பெருமானார் (ஸல்) அவர்களோடு நபித்துவம் நிறைவு பெற்றது என்பதில் நமக்குள் இருவேறு கருத்து இல்லை. வோக்கிங்கைத் தொடங்கியவரின் கொள்கை பற்றி உலமாக்கள் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒருவர் ஓரிடத்தில் வேலை செய்தார் என்பதற்காக அவருடைய ஈமானையே விசாரிக்க நாம் யார் என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. தாவூத் ஷா சாஹிப் எழுதிய எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. அவருடைய பேனா கூர்மையானது. சில சமயம் தேவைக்கு மேலும் கூர்மையாக இருந்ததால் நல்லவர்களும் மனம் வருந்தினார்கள். ஆயினும் எதிர்ப்பு வந்தது என்று அவர் கடையை மூடவில்லை. அடுத்த இதழைக் கொண்டுவந்தார். முதலில் காங்கிரசிலும் பின்னர் முஸ்லிம் லீகிலும் நின்று சமுதாயத்துக்கு உழைத்தார். அவருடைய மகன் என்.பி. அப்துல் ஜப்பாரும் எழுத்தாளராகிப் பேர் பெற்றார். 1969ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், 83ஆம் வயதில் தாவூத் ஷா சாஹிப் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நமக்குச் சொல்வது

இந்த இடத்தில் நாம் மனம் திறந்து ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஐம்பதாண்டு வரலாற்றில் வரவு செலவையும் வளர்ச்சியையும் இம்மலரின் பிற பக்கங்களில் காணலாம். கணக்கில் ஏறாத ஒன்றும் உண்டு. உழைத்தவர்கள் சிலரை நாம் பேச்சால் விரட்டியிருக்கிறோம். ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மழையில் சைக்கிளில் போனவரிடம், வசூலித்தது எங்கே போனது என்று கேட்டிருக்கிறோம். கணக்குச் சரியாக இருந்தது. அவர்தான் திரும்பி வரவில்லை. இன்று இளைஞர்கள் ஏன் பொறுப்பேற்க வருவதில்லை என்று ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் கேட்கிறோம். பதிலில் ஒரு பாதி இதில் இருக்கிறது.

கணக்குக் கேட்பது உரிமை. அது தொடர வேண்டும். கேட்கும் விதத்தில் அன்பு இருக்கட்டும். பொறுப்பேற்க வரும் நம் பிள்ளைகளும் ஒன்றை அறிந்து வரட்டும்: தீனுக்குச் செய்யும் வேலை பெரும்பாலும் மேடையில் இல்லை. கடிதம் எழுதுவதிலும், பிழை திருத்துவதிலும், விருந்தினருக்குத் தேநீர் கொடுப்பதிலும், வாரந்தோறும் குறித்த நேரத்தில் கதவைத் திறந்து வைப்பதிலும்தான் இருக்கிறது. மாஜிஸ்திரேட் நாற்காலியை விட்டவர் வோக்கிங்கில் செய்தது அதுதான். நம் சங்க அறையின் கதவை இந்த வெள்ளிக்கிழமை திறக்கப் போகிறவர் செய்யப் போவதும் அதுதான்.

அல்லாஹ் தாவூத் ஷா சாஹிப் அவர்களின் நற்பணிகளை ஏற்று, பிழைகளைப் பொறுத்தருள்வானாக. நம் சங்கத்துக்காக உழைத்து மறைந்தவர்களுக்கும், நம் சொல்லால் மனம் நொந்து விலகியவர்களுக்கும் நிறைவான கூலியை வழங்குவானாக. ஆமீன்.